பசி என்ற கட்டத்தில் எழுதியது

போன மாதம் உங்கள் வார்டில் பதினோரு நாள் படுத்திருந்தேன். நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள்; குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் தலைமாட்டில் தொங்கிய என் சீட்டை எடுத்துப் படித்துவிட்டேன். ஓய்வு பெற்ற டிரசரைக் கட்டிலில் கிடத்தினால் அவன் வேறென்ன செய்வான்? சூடு, நாடி, மலம், தூக்கம் என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தீர்கள். ‘பசி’ என்ற கட்டத்தில் பதினோரு நாளும் ‘நன்று’ என்று இருந்தது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. தட்டு காலியாக இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தட்டைத் தினமும் காலி செய்த புண்ணியவான் பக்கத்துக் கட்டில்காரர். எனக்கு அந்த நாட்களில் பசியே இல்லை.

சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் மீதியையும் படியுங்கள். அதே கட்டத்தை நானும் ஒரு காலத்தில் கேட்காமல், யோசிக்காமல் நிரப்பினவன்தான். அதனால் ஒரு குழந்தை செத்தது. இன்னொன்று சாகப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக, அதாவது டாக்டரின் உதவியாளனாக, இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகைச் சுவர், தகரக் கூரை, பன்னிரண்டு கட்டில், அவ்வளவுதான். டாக்டர் ஈப்போவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நானே டாக்டர், நானே மருந்து கலக்குகிறவன், நானே சாவுக் குறிப்பு எழுதுகிறவன். எனக்கு அப்போது வயது இருபத்துநான்கு. வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் டையும் மாட்டிக்கொண்டு நடப்பேன். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் ‘டிரசரய்யா’ என்று எழுந்து நிற்பார்கள். தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்?

நோயாளிகளில் பாதிக்கு மேல் மலேரியாக்காரர்கள். குயினைன் கொடுத்துக் காத்திருப்பேன். எவன் நாலாம் நாள் கண்ணைத் திறந்து, “அய்யா, கொஞ்சம் சோறு குடுங்கய்யா” என்று கேட்கிறானோ அவன் தப்பித்துவிட்டான். இரண்டொரு நாளில் அவனைக் காலைப் பெரட்டுக்கு அனுப்பிவிடலாம், வேலைக்கு ஆளெடுக்கும் வரிசையில் நிற்பான். கேட்காதவன் தேறுவது சந்தேகம். இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு சட்டம் உருவாகியிருந்தது. பசித்தால் நல்லது, பசிக்காவிட்டால் ஊட்டு. காய்ச்சல் வார்டில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தோட்டத்து எல்லையை ஒட்டி ஈயம் தோண்டும் லம்பம் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த சீனத் தொழிலாளி ஒருவரைக் கால்கள் வீங்கிய நிலையில் ஒரு நாள் எங்களிடம் தூக்கி வந்தார்கள். அன்று டாக்டர் வந்திருந்தார். அந்த மனிதரின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பேர் கேட்டால் அவருக்கு வாய் அசைந்தது, குரல் வரவில்லை. “பெரி-பெரி. வெள்ளை வெளேரென்று தீட்டின அரிசியையே தின்பதால் வருவது. சில பேருக்குக் குரலும் போய்விடும். உன் ஆட்கள் புழுங்கல் அரிசி தின்கிறவர்கள், அதனால் தப்பித்தார்கள்” என்று டாக்டர் சொன்னார்.

அதை நான் எப்படி மனதில் வாங்கிக்கொண்டேன் தெரியுமா? இது லம்பத்துச் சீனர்களுக்கு வருகிற வியாதி, நம்மவர்களுக்கு வராது. டாக்டர் அரிசியைச் சொன்னார். நான் இனத்தைப் பிடித்துக்கொண்டேன். தோட்டத்துக் கடையில் எல்லாருக்கும் ரங்கூன் புழுங்கல்தான் கொடுத்தார்கள் என்பதால் என் முட்டாள்தனம் கொஞ்ச காலம் வெளியே தெரியவில்லை.

மாரியாயி ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். பத்தொன்பது வயதில் முதல் பிள்ளை உண்டானாள். அவள் புருஷன் வீரப்பனுக்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. கண் எப்போதும் சிவந்திருக்கும், ஆனால் சாது. ஒரு நாள் அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான்.

“நாலு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்குறாய்யா. ஒல கொதிச்சாலே எந்திரிச்சு ஓடுறா. நீங்களே கேளுங்க.”

“புழுங்கரிசி நாத்தம் ஆவலங்கய்யா” என்றாள் அவள். “லயம் பூரா அதேதான் வேவுது. நா எங்கிட்டுப் போறது?”

பிள்ளைத்தாய்ச்சிக்கு வாந்தி வருவது ஒன்றும் புதிதில்லை. பொறுத்திருந்தால் தானே அடங்கியிருக்கும். எனக்குத்தான் பொறுமை இல்லை. பசிக்காவிட்டால் ஊட்டு என்பது என் சட்டமாயிற்றே. “வாய்க்கு எது புடிக்குதோ அதக் குடுப்பா. பச்சரிசி வாங்கி நல்லா கழுவிக் கஞ்சி வச்சுக் குடு, லேசா இருக்கும்” என்றேன்.

வீரப்பன் அந்த ஞாயிறே செமோருக்கு நடந்து போய், சீனர் கடையில் சியாம் பச்சரிசி வாங்கி வந்தான். நன்றாகத் தீட்டிய, பளபளவென்ற அரிசி. “தொர வீட்டுச் சோறு மாதிரி இருக்குலா” என்று லயத்தில் அதுவே பேச்சாயிற்று. மாரியாயி அதை விரும்பிச் சாப்பிட்டாள். அவளுக்கு ஒரு சீட்டுப் போட்டு வைத்திருந்தேன், அதில் பசி என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினேன். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று லயத்துப் பெண்கள் பருப்பை விலக்கினார்கள், வாயுவாம். கீரையை விலக்கினார்கள், குளிர்ச்சியாம். மிஞ்சியது நான் சொல்லிவிட்டிருந்த அந்த வெள்ளைக் கஞ்சியும் கொஞ்சம் மிளகு ரசமும். டிரசரே சொன்ன கஞ்சி என்பதால் யாரும் அதில் கை வைக்கவில்லை.

இரண்டாம் மாதம் அவளுக்கு மறுபடி பசி நின்றுபோயிற்று. கால் மதமதவென்று இருப்பதாகவும் சொன்னாள். கால் விஷயம் என் காதில் ஏறவே இல்லை. பசி மட்டும்தான் ஏறியது. பசியைத் தூண்டும் கசப்பு மருந்து கலந்து கொடுத்தேன், கூடவே திட்டும் கொடுத்தேன். “புள்ளக்காரி இப்படிப் பட்டினி கெடந்தா பால் எங்கிருந்து வரும்? இன்னும் ரெண்டு அகப்ப சேத்துக் குடி.” அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எந்தக் கஞ்சி அவளுடைய பசியைக் கொன்றதோ அதையே கூடுதலாக ஊற்றச் சொன்னேன்.

மூன்றாம் மாதம் லயத்துப் பக்கம் போனபோது, “இவன் அழுவுறதே இல்லீங்கய்யா, அம்புட்டு அமைதி” என்றாள்.

“வயிறு நெறஞ்ச புள்ள எதுக்கு அழுவும்? நல்ல புள்ள” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வடிகாலைப் பார்க்கப் போனேன்.

நாலு நாள் கழித்து வீரப்பன் பட்டப்பகலில் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மேஜையில் கிடத்திச் சட்டையைக் கழற்றுவதற்குள் முடிந்துவிட்டது. சாவுக் குறிப்பில் ‘ஜன்னி’ என்று எழுதினேன். காரணம் தெரியாத குழந்தைச் சாவுக்கெல்லாம் நாங்கள் வைத்திருந்த பொதுப் பெயர் அது. பெயர் என்ற இடத்தில் ‘மாரியாயியின் ஆண் குழந்தை’ என்று மட்டும் போட்டேன். குடிக்க ஆளில்லாமல் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மூன்று நாள் துடித்தாள். அதற்கும் துணிக்கட்டு அனுப்பியவன் நான்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. வாந்தியும் புழுங்கல் நாற்றமும் அதே மாதிரி வந்தன. வீரப்பன் இந்தத் தடவை என்னைக் கேட்கவும் இல்லை. போன தடவை டிரசரய்யா சொன்ன அரிசிதானே என்று செமோருக்கு நடந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை தோறும் லயத்தைச் சுற்றிப் பார்ப்பது என் வேலை. உச்சி வெயில் நேரம் அது. மாரியாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை, பத்து வாரம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தபோது குழந்தை அமைதியாக இருந்தது. நல்ல பிள்ளை என்று சொல்ல வாயெடுத்துக்கொண்டே கிட்டே போனேன்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது. வாய் முழுக்கத் திறந்து, முகம் சிவந்து, முகவாய் நடுங்க, கண்ணில் நீர் வழிய அழுதுகொண்டிருந்தது. சத்தம்தான் இல்லை.

“எத்தன நாளா இப்படி?” என்று கேட்டேன்.

“மூணு நாளா சத்தம் கம்மிப்போச்சுங்கய்யா. அவ அண்ணன மாதிரியே இவளும் அமைதி” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் ‘நல்ல புள்ள’ என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

குரல் வராமல் வாயை அசைத்த அந்த லம்பத்து மனிதர் எனக்கு நினைவுக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து, “கால நீட்டு” என்றேன். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. அந்த ஒரு குழியில் இரண்டு பிள்ளைகளுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

டாக்டர் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பத்து காஜா என்ற ஊரிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோகலாம் என்றால், அந்தக் குழந்தையின் நெஞ்சு துடித்த வேகத்துக்குப் பாதி வழி தாங்காது. உடனே செய்யக்கூடியது ஒன்றுதான். தாய்ப்பாலை நிறுத்த வேண்டும். அடுத்த வீட்டு அஞ்சலைக்கு எட்டு மாதப் பிள்ளை. அவள் தோட்டத்துப் புழுங்கல் அரிசிதான் சாப்பிடுகிறவள், பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது.

“கொஞ்ச நாளைக்கு இவளுக்கு நீ பால் குடுக்க வேணாம். அஞ்சல குடுக்கட்டும்.”

“ஏங்கய்யா?”

“ஒனக்கு ஒடம்பு சூடு. பால்ல எறங்கும்.” பொய்தான். எனக்கு வந்த முதல் யோசனை என்னைக் காப்பாற்றிக்கொள்வதாகவே இருந்தது.

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “சூடு இல்லியே. எம்பால் இருக்கையில எம்புள்ளைக்கு அடுத்தவ எதுக்கு?”

பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை மாரைத் தேடியது. அவள் மாராப்பை விலக்கினாள். நான் சட்டென்று என் கையைக் குறுக்கே வைத்தேன். நாலு பேர் பார்க்க ஒரு ஆண் செய்யக்கூடாத காரியம் அது. அஞ்சலை தன் வீட்டு வாசலிலிருந்து, “டிரசரய்யா!” என்று கத்தியேவிட்டாள். கையை எடுத்தால் குழந்தை குடிக்கும், எடுக்காவிட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

“மாரியாயி, அந்தப் பால்ல சத்து இல்லம்மா. நீ திங்கிற வெள்ள அரிசியால வந்தது. இதக் குடிச்சா புள்ள பொழைக்காது.”

அவள் மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “அப்ப மொதப் புள்ள?” என்று கேட்டாள்.

“அவனுக்கும் இதான். அன்னிக்கி எனக்குத் தெரியல. அந்தக் கஞ்சியச் சொன்னது நானு. ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல.”

கடைசியில் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். குழந்தையை அஞ்சலையின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், நெல் குத்துகிற வீட்டில் தவிடு வாங்கி வந்தேன். வேகவைத்து வடிகட்டி, குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகவும் தாய்க்குக் கிண்ணமாகவும் கொடுத்தேன். தாய்க்குப் பச்சைப்பயறும் புழுங்கல் சோறும் சேர்த்தேன். அன்று சாயங்காலம் வீரப்பன் மிச்சமிருந்த பச்சரிசியைத் தகரத்தோடு கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தான். “நாந்தாங்கய்யா நடந்து போயி வாங்கியாந்தேன்” என்றான். நீ இல்லை, நான்தான் என்று அவனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் காலை லயத்திலிருந்து ஒரு அழுகை கேட்டது. கரகரவென்று, காக்கைக் குரலில் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே நானும் அழுதேன். சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதில் அதிகம்.

டாக்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். “கால் வீங்குவதற்கு முன்னால் பசி போயிருக்குமே, கவனித்தாயா?” என்று கேட்டார். “இந்த நோயில் அதுதான் முதல் அறிகுறி. உள்ளே போகிற சோற்றை எரிக்க வழியில்லாதபோது உடம்பு வேண்டாம் என்கிறது.” கவனித்தேன் என்று மட்டும் சொன்னேன். கவனித்து என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. முதல் குழந்தையைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னி என்று எழுதிய பக்கம் அலமாரியில் அப்படியே இருந்தது. பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன்.

சில வாரங்களில் மாரியாயியின் கால் வற்றியது. மதமதப்பு போனது. குழந்தையையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். உடம்பு முழுக்கச் சரியாகிவிட்டது. பசி மட்டும் வரவில்லை. “எம்புட்டு திங்கணும், சொல்லுங்கய்யா” என்று கேட்டாள். இரண்டு கிண்ணம் சோறு, ஒரு கை பயறு என்று சொன்னேன். முன்னே அவளைக் குமட்ட வைத்த அதே சோற்றை முகம் சுளிக்காமல், ஒரு பருக்கை கூடாமல் குறையாமல் தின்றாள். வெள்ளிக்கிழமை தோறும், “பசிக்குதா மாரியாயி?” என்று கேட்பேன். “திங்குறேங்கய்யா” என்பாள். அந்தச் சீட்டை நான் இன்னும் வைத்திருந்தேன். பசி என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வாராவாரம் வெறுமையாக விட்டேன்.

தம்பிகளே, தங்கைகளே, எனக்கு இதில் பெரிய தத்துவம் ஒன்றும் தெரியாது. பசி எங்கிருந்து வருகிறது, எதனால் போகிறது என்று இப்போது நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நான் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். ஒரு உடம்பு சோறு வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தான் நமக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காரணம் சில நேரம் இரைப்பையில் இருக்கும், சில நேரம் அரிசியில் இருக்கும். மாரியாயிக்கு எங்கே இருந்தது என்பதை அவளே வந்து சொன்னாள்.

பெண் குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரு முற்பகலில், பால்வெட்டு முடிந்து, மாரியாயி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். குழந்தையின் வாயோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

“பால மறக்கடிச்சுட்டேங்கய்யா. எல்லாம் நல்லா திங்குறா. இனிமே எம்பால் இவளுக்குத் தேவையில்லல்ல?”

“இல்லம்மா. நல்லா தேறிட்டா.”

“அப்ப இனிமே நா திங்காட்டியும் பரவால்லல்ல?”

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு வேலை முடிந்ததா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல உலகத்திலேயே தகுதி இல்லாத ஆள் நான் என்று தோன்றியது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

“மொதப் புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க?” என்று கேட்டேன்.

மூன்று மாதம் அவனைப் பார்த்தவன், அவன் சாவை என் கையால் எழுதினவன், அதுவரை கேட்டதில்லை.

“சின்னையா” என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியாமல் பேசினாள். அவன் காதில் மச்சம் இருந்தது, புகை வாசனை அடிக்கும் அப்பனிடம் மட்டும்தான் தூங்குவான், இப்படி என்னென்னவோ. குழந்தை மடியிலேயே தூங்கிப்போனது. நான் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. பேசி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

அவள் போனதும் சீட்டை எடுத்தேன். பசி என்ற கட்டத்தில் ‘சின்னையா’ என்று எழுதினேன்.

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டார். அலமாரியைத் திறந்து ஜன்னி என்று எழுதிய பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.